ஆளில்லாத நேரத்து வீணை

இன்று காலை, விடுப்பில் வந்திருக்கும் காஜா பெராங் ஊரில், காதர் பாயின் காப்பிக்கடையில் இருந்தேன். வானொலியில் எங்கள் நிலையக் கலைஞர்களின் நேரடிக் கச்சேரி வரவேண்டிய வேளையில் வீணை இசைத்தட்டு ஒலித்தது.

அதைத் தேர்ந்து நிலையத்தில் வைத்தவன் நான். நேரில் வாசிக்கக் கலைஞர் எவரும் இல்லாதபோது மட்டுமே அதைச் சுழலவிடுவோம்.



கடைத் தொலைபேசியில் தலைநகரை அழைத்தேன். நிலையக் காவலாளி எடுத்தார்.

"மியூசிக் ஆளுங்க எல்லாரும் மீட்டிங்ல இருக்காங்க சார். நீங்க போகலியா?"

சுதந்திர நாட்டின் வானொலிக்கு வாத்தியக் கலைஞர்கள் தேவையா, இசைத்தட்டுகளே போதுமா என்று முடிவுசெய்யும் கூட்டம் அது. அடுத்த வாரம் என்று சொல்லித்தான் எனக்கு விடுப்பு அளித்தார்கள். எதிர்த்துப் பேச இருந்தவன் நான் ஒருவனே. இனிப் பேருந்து ஏறினாலும் பயனில்லை.

விவரம் கேட்டுக் காதர் பாய் சிரித்தார். "ஆளே இல்லாம ரேடியோ பாடுதா? நல்லதுதானே லா, சம்பளம் மிச்சம்!"

எங்கள் மிருதங்கக்காரரின் முகத்தை நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

நண்பர்களே, காலையில் கேட்டவர்கள் வேறுபாட்டை உணர்ந்தீர்களா? உணர்ந்தவர்கள் உடனே நிலையத்துக்கு எழுதுங்கள். உணராதவர்கள் தயைகூர்ந்து வாய் திறவாதீர்கள். இசைத்தட்டே போதும் என்பவர்களுக்கு வேண்டிய சான்று அதுதான்.