கரையொதுங்கிய மீன்களும் பரமேஸ்வரி அக்காவின் இரண்டு போத்தல்களும்

கடுகண்ணாவையில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் செய்தி வந்தது. பரமேஸ்வரி அக்கா காலையில் இறந்துவிட்டார் என்று எங்கள் பழைய சாரதி போனில் சொன்னார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போன கிழமைதான் என் முழங்கால் வலிக்கு நான் எண்ணெய் பூசவில்லை என்று என்னைப் பிடித்து ஏசியவர். அப்படி ஏசிவிட்டு இப்படியா போவது? வந்த பஸ்ஸை விட்டுவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

கண்டி நீர் ஆய்வுகூடத்தில் என்னைப்போல் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய வாயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை ஓர் உத்தியோகத்தர் பரிசோதனைக்கென்று தண்ணீரைச் சாராயப் போத்தலில் கொண்டுவந்தார். அக்கா மூடியைத் திறந்து ஒருதரம் முகர்ந்து பார்த்தார். "இதில சாராயத்தைத்தான் சோதிக்கலாம், ஐயா. தண்ணியை வேற போத்தலில கொண்டு வாரும்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அந்த மனிதர் இன்றைக்கும் என்னைக் கண்டால் அக்காவின் சுகத்தைத்தான் முதலில் கேட்பார். இனி அவருக்கும் நான்தான் சொல்ல வேண்டும்.

நான் சொல்ல வந்தது போர் நடந்த காலத்துக் கதை. மழை பொய்த்து, தெல்தெனியப் பக்கம் நீர்த்தேக்கம் வற்றி, மிஞ்சிய தண்ணீர் பாசி பிடித்துப் பச்சையாகக் கிடந்தது. பிறகு சில நாள் வானம் மூடிக்கொண்டது. ஒரு காலையில் பார்த்தால் கரை நெடுக ஜப்பான் மீன், அதுதான் திலாப்பியா, செத்து ஒதுங்கியிருக்கிறது. மேலே தோட்டத்தில் தேயிலைக்கு மருந்தடிக்கும் ராமையா, மருந்துக் கேனை நீர்த்தேக்கத்தில் விழும் ஓடையில் கழுவியதைக் கண்டதாக யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். தமிழன் தண்ணீரில் நஞ்சு கலந்துவிட்டான் என்று அந்தச் சிங்கள ஊரெல்லாம் பேச்சு. அந்த நாளில் அப்படியொரு பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும். ராமையாவை விசாரணைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவருடைய வேலையும், தோட்டத்து வரிசை வீட்டில் பிள்ளைகள் படுத்திருந்த லயக் காம்பிராவும் எங்கள் ஆய்வுகூடத்தின் அறிக்கை வரும்வரைதான் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார்.

எங்கள் ஆட்கள் போய்த் தண்ணீர் எடுத்து வந்தார்கள். தண்ணீரில் காற்று நிறைய இருந்தது, மீன் மூச்சுவிடத் தாராளமாகப் போதும். "அப்போ நஞ்சுதான். எழுதி முடிச்சிடுங்க" என்றார் மேலதிகாரி. அக்கா அசையவில்லை. "எத்தினை மணிக்கு எடுத்தவை?" என்று கேட்டார். மத்தியானம். எங்கள் ஜீப் என்றைக்கு எட்டு மணிக்கு முன் புறப்பட்டிருக்கிறது? சாரதி கையெழுத்துப் போட்டு, தேத்தண்ணி குடித்து, பெற்றோல் அடித்து, கரைக்குப் போய்ச் சேரும்போது சூரியன் உச்சிக்கு வந்துவிடும். "மீன் செத்தது விடியப்புறம். நீங்கள் பாத்தது மத்தியானத் தண்ணி" என்றார் அக்கா.

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, நம்ம ஆளு ஒருத்தன் அநியாயமா மாட்டிக்கிட்டு இருக்கான். நஞ்சு இல்லைன்னு எழுதிட்டா என்ன?" என்றேன். அவர் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே! "மீனுக்குத் தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. அது சொல்லுறதைத்தான் எழுதுவன். நான் தெல்தெனியவுக்குப் போறன். நீர் வாறீரோ?"

போனேன். தங்கியது யார் வீட்டில் தெரியுமா? கரையோரம் வேறு இடமில்லாமல், மீனவர்களுக்குத் தலைவர் சுமனபால வீட்டில். ராமையாவைத் தூக்கில் போட வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தவரே அவர்தான். வலை காய்ந்து கிடந்தது, அந்த மீனை வாங்க ஆளில்லை. அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அக்கா தன் யாழ்ப்பாணத்துச் சிங்களத்தில் அவரிடம், "கத்துறதைப் பிறகு கத்தலாம், முதல்ல உங்கட தோணியைத் தாங்கோ" என்று கேட்டார். என்ன நினைத்தாரோ, மனிதர் தானே துடுப்பு வலிக்க வந்தார்.

மறுநாள் தோணியில் இறங்கியபோது இன்னும் வெளிச்சம் வரவில்லை. உயிரோடிருந்த மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. அக்கா போத்தலில் தண்ணீர் எடுத்து, காற்றைக் காட்டும் மருந்தை விட்டார். காற்று இருந்தால் பழுப்பாக வேண்டும். அது பால்போல வெள்ளையாகவே நின்றது. மத்தியானம் அதே இடத்தில் எடுத்த தண்ணீர் நல்ல பழுப்பாகியது. இரண்டு போத்தலையும் கரையில் வைத்து, கூடியிருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பகலில் பாசி தண்ணீருக்குக் காற்றைக் கொடுக்கிறது, இருட்டில் அதுவே குடித்துவிடுகிறது, வெயிலில்லாத நாளில் பகலில் கொடுப்பதும் போதாது, விடியும்போது மீனுக்கு மூச்சில்லை என்றார். சுமனபால வெள்ளைப் போத்தலை எடுத்து எடுத்துப் பார்த்தார்.

அப்போதும் அக்கா அறிக்கையில் கை வைக்கவில்லை. செத்த மீனையும் ஓடைத் தண்ணீரையும் சோதித்து, நஞ்சில்லை என்று கண்ட பிறகுதான் எழுதினார். ஓடையில் கேன் கழுவுவது தப்பு, அதை நிறுத்த வேண்டும் என்றும் சேர்த்தே எழுதினார். அது எதற்கு என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ராமையாவை விட்டுவிட்டார்கள். வேலையும் காம்பிராவும் தங்கின.

பிறகொரு நாள் ராமையா பெரிய பூசணிக்காயைத் தோளில் சுமந்துகொண்டு ஆய்வுகூடத்துக்கு வந்தார். அக்கா வாங்க மறுத்தார். "நான் உங்களைக் காப்பாத்தேல்லை. நீங்கள் நஞ்சு கலந்திருந்தா அதையும் எழுதியிருப்பன்."

"அது தெரிஞ்சுதாம்மா கொண்டாந்தேன்" என்றார் ராமையா. "நம்ம ஆளுன்னு எழுதியிருந்தா யாரு நம்பியிருப்பா? இப்ப அந்தச் சுமனபாலவே லயத்துக்கு வந்து எம் பிள்ளைங்களுக்கு மீன் குடுத்துட்டுப் போறாரு."

அக்கா மேசையை விட்டு எழுந்து வந்தார். பூசணிக்காயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, நம்ம ஆளுக்காகக்கூட ஒரு எழுத்தை மாற்றாத அந்தப் பிடிவாதம். அன்று நான் கேட்டதுபோல அவர் எழுதியிருந்தால், அந்தப் பிள்ளைகளுக்கு ஊரில் பெயர் நஞ்சுக்காரன் பிள்ளைகள் என்றே இருந்திருக்கும்.