நடுக்கட்டை

செல்லக்கண்ணுவைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. இருந்தாலும் பேசுகிறேன். தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த ஐஸ் கிடங்கில் என்னோடு வேலை பார்த்தவன். பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து கப்பலேறி வந்து, பத்தொன்பது வருஷம் குளிரறைக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஐஸ் அடுக்கினான். கம்பெனி கொடுத்த ஒற்றை அறையில் மனைவி கண்மணி, நான்கு பிள்ளைகள். தட்டிப் பார்த்தே எந்தக் கட்டி உடையும் என்று சொல்லிவிடுவான்.

மேற்பார்வையாளர் பேரின்பநாயகத்துக்கு நெற்றி நிறையத் திருநீறு, தலை நிறையக் கர்வம். ஒவ்வொரு அடுக்குக்கும் கீழே மூன்று மரக்கட்டை வைப்பது எங்கள் வழக்கம். ஈரத்தில் தன் சப்பாத்து நனைகிறதென்று 1957இல் அந்த மகானுபாவர் நடுக்கட்டைகளை உருவி, தன் மேசைக்கடியில் மேடை போட்டுக்கொண்டார். வேண்டாம் ஐயா என்று செல்லக்கண்ணு சொல்லிப் பார்த்தான். ஐஸ் தூக்குகிறவன் பேச்சையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்வாரா?

இரண்டே மாதத்தில் அடிக்கட்டிகள் தூளி மாதிரி நடுவில் தொய்ந்தன. உருகி உறைந்த பழைய சரக்கு என்று மீன்காரர்கள் திருப்பியனுப்பினார்கள்.

“கதவைத் திறந்துபோட்டு நித்திரை கொண்டிருக்கிறீர். உருகாமல் ஐஸ் எப்படி வளையும் காணும்?” என்று பேரின்பநாயகம் குதித்தார்.

“உருகலைங்கய்யா. பாரம் தாங்காம கொஞ்சங்கொஞ்சமா எறங்குது. கண்ணுக்குத் தெரியாது, ஆனா ஓடுது,” என்றான் செல்லக்கண்ணு.

வேலை போனால் அறையும் போகும். உருகவில்லை என்று காட்ட வெள்ளைக்கார மேனேஜரிடம் ஒரு வாரம் தவணை கேட்டான். சின்னக் குளிரறையில் நான்கு விரல் கன ஐஸ் பலகையை இரண்டு கட்டைமேல் கிடத்தி, நடுவில் இரும்புப் படிக்கற்களை ஏற்றினான். அடியில் தரை முழுக்கப் பேரின்பநாயகத்தின் கையாலேயே திருநீறு தூவச் சொன்னான். ஒரு சொட்டு விழுந்தாலும் தடம் தெரியுமே! கதவைப் பூட்டிச் சாவியையும் அவரே வைத்துக்கொண்டார்.

எட்டாம் நாள் மேனேஜர் முன்னாலேயே திறந்தோம். பலகை கீறல்கூட இல்லாமல் மூன்று விரல் தொய்ந்திருந்தது. திருநீறு தூவினபடியே கிடந்தது. பயல் ஜெயித்துவிட்டான் என்று எனக்குள் சந்தோஷம்.

பேரின்பநாயகம் கனைத்துக்கொண்டார். ஐஸ் உருகவில்லைதான், அப்படியானால் நடுக்கட்டை வைக்காமல் அடுக்கியது இவன் பிழை என்றார். வெட்கங்கெட்ட மனுஷன்.

நடுக்கட்டையை எடுத்தது யார் என்று மேனேஜர் மலாயில் என்னைக் கேட்டார். கட்டைகள் அடுத்த அறையில், மேசைக்கடியில் கிடந்தன. செல்லக்கண்ணு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். தெரியாது துவான் என்றேன். எனக்கும் பிள்ளைகுட்டி உண்டு என்பதெல்லாம் பிறகு நான் கட்டிய சப்பைக்கட்டு.

அந்த வாரமே அவன் குடும்பம் அறையைக் காலி செய்தது. அவன் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் காலை பேரின்பநாயகம் மேசைக்கடியிலிருந்து நடுக்கட்டைகளைத் தானே எடுத்துவந்து நீட்டினார். நன்றி ஐயா என்று கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.