ஐம்பத்தேழுக்கு ஏழு குறைவு

என் அக்கா மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறாள். பிள்ளைகள் வைத்த பெயர் 'அரை டிகிரி'. தெர்மாமீட்டரை அரை டிகிரி தப்பாகப் படித்தாலும் அன்றைக்கு முழுக்க அர்ச்சனைதான். நான் தையல்காரி. படிப்புதான் எனக்கு வரவில்லை, வாய் நன்றாகவே வரும்.

சாயங்காலங்களில் அக்கா சாப்பாட்டு மேசையில் ஆவர்த்தன அட்டவணையை விரித்து, தன் வகுப்பிலேயே படிக்கும் தன் மகளுக்குப் பாடம் நடத்துவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருப்பேன்.

"இடமிருந்து வலமாப் போனா அணு சுருங்கும். மேலேயிருந்து கீழே வந்தா பெருக்கும்" என்பாள் அக்கா.

"நம்ம வீட்டுலயும் அதே கதைதான். நீ மூத்தவ, குச்சி. கீழே பொறந்த என்னைப் பாரு" என்பேன் நான்.

மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அக்கா முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாது. மருந்தியல் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் ஒரே ஆசை. வேறு எதையும் அவள் கேட்டதே இல்லை.

செய்முறைத் தேர்வு வந்தது. பிளாஸ்டிக் கோப்பையில் அமிலத்தையும் காரத்தையும் கலந்து, வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து, நடுநிலையாக்கல் வெப்பத்தைக் கணக்குப் போட வேண்டுமாம். புத்தகத்து விடை ஐம்பத்தேழு. கோப்பையும் காற்றும் கொஞ்சம் சூட்டைத் தின்றுவிடுமாம், அதனால் கையால் செய்தால் ஐம்பது வந்தாலே பெரிது.

"கம்மியா வந்தா என்னம்மா எழுதறது?" என்று மகள் கேட்டாள்.

"தெர்மாமீட்டர் என்ன சொல்லுதோ அதை எழுது. கதை எழுதாதே."

தேர்வு முடிந்து வந்தவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. "சித்தி, நைட்ரஜனா ஆக்சிஜனா, எதுக்கு அயனியாக்கும் ஆற்றல் ஜாஸ்தின்னு தேர்வு நடத்த வந்த சார் கேட்டாரு. வலது பக்கம் போனா ஏறும்னு எல்லாரும் ஆக்சிஜன்னு மாட்டிக்கிட்டாங்க. நான் மட்டும்தான் நைட்ரஜன்னேன். சபாஷ்னாரு!" சோதனையில் ஐம்பது வந்ததாகவும் அதையே எழுதியதாகவும் சொன்னாள். அக்கா தலையை ஆட்டினாள், அவ்வளவுதான்.

வெளிப் பள்ளியிலிருந்து வந்த அந்தப் புண்ணியவான் ஐம்பதைச் சுழித்து நாலு மதிப்பெண்ணைக் கழித்திருந்தான். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் ஐம்பத்தாறு, ஐம்பத்தேழு. எல்லோருக்கும் முழு மதிப்பெண். இரண்டு மதிப்பெண்ணில் மருந்தியல் கல்லூரி கை நழுவியது. "போட்ட கையில புண்ணு வர!" என்று அவனை வாயாரத் திட்டினேன். அக்கா ஆவர்த்தன அட்டவணையை மடித்து அலமாரியில் வைத்தாள். மனசு ஒடிந்துபோய்விட்டாள் என்று நினைத்தேன், நான் ஒரு மடச்சி.

மகள் ஒரு செருப்புக் கடையில் ரசீது போடும் வேலைக்குச் சேர்ந்தாள். அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில் கூடப் படித்த பெண் ஒருத்தி சாக்லேட் பெட்டியோடு வந்தாள். அதே மருந்தியல் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது.

"எல்லாம் உங்களாலதான் டீச்சர். ஐம்பத்தேழை ஒட்டியே எழுதுங்கன்னு நீங்க மட்டும் அன்னிக்கு வகுப்புல சொல்லலைன்னா என் கதை கந்தல். எனக்கு நாற்பத்தஞ்சுதான் வந்துச்சு."

செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "எப்போ சொன்னாங்க?"

"நீ சாக்பீஸ் வாங்கப் போயிருந்தியே, அப்போ. டீச்சர்தானே உன்னை அனுப்பினாங்க? வீட்டுல சொல்லியிருப்பாங்கன்னு நினைச்சோம்."

வந்தவள் எப்போது எழுந்து போனாள் என்றுகூட எனக்கு நினைவில்லை.

"அடிப்பாவி! பெத்த பொண்ணுக்கா இப்படிப் பண்ணினே?" என்று கத்தினேன்.

அக்கா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மத்ததுங்க ஃபெயிலானா பள்ளிக்கூடத்துல என்னைத்தான் கேப்பாங்க. இவளும் அதையே எழுதினா, டீச்சர் பொண்ணு, அம்மா சொல்லிக் கொடுத்துட்டான்னு நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசுவாங்க. என் பொண்ணாவது நேர்மையா எழுதட்டும்னு..."

"உன் பேரைக் காப்பாத்த இவ தலைதான் கிடைச்சுதா?"

மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"விடுங்க சித்தி. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் அம்மா. எனக்கு மட்டும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போனாள்.

அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்த இன்னொரு வார்த்தை வரவே இல்லை. நேற்று நான் போயிருந்தபோது சமையலறையிலிருந்து, "டீச்சர், சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்தாள். அக்கா எழுந்து போய் உட்கார்ந்து சாப்பிட்டாள்.