பச்சை ஆட்டோ

ராயப்பன் பகலில் பசுமலைப் பள்ளிக்கூடமொன்றில் கிளார்க். மற்ற நேரமெல்லாம் ஜாஸ் ராக் பேண்டில் டிராம்போன் வாசிப்பவர். வண்டியூர்ப் பக்கம் ஒரு சர்ச் திருவிழாவில் அவர் தனியாக வாசித்துக்கொண்டிருந்தபோது, "வாசலை மறிச்சு நிக்கிற பச்சை ஆட்டோவ எடுங்கப்பா!" என்று யாரோ மைக்கில் கத்தியதும் சேர்ந்தே பதிவாகிவிட்டது. அந்தப் பதிவுதான் ஊரெல்லாம் பரவியது. அதன்பிறகு எங்கே வாசித்தாலும், வாசிப்பில் அந்த இடம் வந்ததும் கூட்டமே அதைக் கத்தும்.

"தம் கட்டி ஊதுறது நானு மாப்ள, பேரு ஆட்டோவுக்கா?" என்று டிரம்ஸ் வாசிக்கும் பாதுஷாவிடம் எரிந்து விழுவார்.

போன மாதம் பெங்களூரில் வாசித்தார்கள். அந்த இடம் வந்தபோது கூட்டம் வாய் திறக்காமல் ரசித்துக்கொண்டிருந்தது. ராயப்பனுக்கு அதற்குமேல் வாசிப்பு ஓடவில்லை. டிராம்போனை இறக்கிவிட்டு, மைக்கை இழுத்து அவரே கத்தினார்: "பச்சை ஆட்டோவ எடுங்கப்பா!"