கைதிக் கிணற்றுக்கு நான் கட்டிய கதை

பேய், ஆவி என்று எவனாவது ஆரம்பித்தால் "உனக்கு வேற வேலை இல்லியா" என்று எழுந்து போகிற ஆள் நான். அமாவாசைக்கு மேல்மலையனூர் போகிற கூட்டம் செஞ்சியில் என் சைக்கிள் கடை வாசலில்தான் பஸ் மாறும். சாமி வந்து ஆடுகிறவர்கள், தலைவிரித்துக் கத்துகிறவர்கள் என்று எல்லாரையும் பஞ்சர் ஒட்டிக்கொண்டே பார்த்தவன், ஒரு நாளும் பயந்ததில்லை. அப்படிப்பட்ட நான் இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டுப் போங்கள், ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. கோட்டை பார்க்க வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் கடையில்தான் வாடகை சைக்கிள் எடுப்பார்கள். "பாய், இங்க இன்னா பாக்கலாம்?" என்று கேட்டால் போதும், எனக்குத் தலைகால் புரியாது. வெயில் ஏறுவதற்குள் ராஜகிரி ஏறுங்கள், இறங்கியதும் கல்யாண மகாலில் உட்காருங்கள், நாளைக்கும் இருப்பதானால் பனமலை ஏரிக்கரைக் கோயிலை விடாதீர்கள், தொண்டூரில் சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கையைப் பாருங்கள் என்று வரிசையாகச் சொல்வேன். கடையில் கூட்டமில்லை என்றால் நானே கூடப் போவேன். எங்கள் ஊரைப் பார்த்து ஒருத்தன் வாயைப் பிளந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வாயைப் பிளக்காத ஒரே இடம் கைதிக் கிணறுதான். சக்கரக்குளத்துக்குப் பக்கத்தில் பாறை மேல் பாறையாக ஒன்று நிற்கும், இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், நடுவில் தானாகவே விழுந்த பெரிய ஓட்டை. அந்தக் காலத்தில் தண்டனை பெற்றவனை அதற்குள் தள்ளிவிட்டுப் போய்விடுவார்களாம், சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்து சாவானாம். இதைச் சொன்னால் வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு "அவ்ளோதானா பாய்?" என்பார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அதனால் ஒரு நாள் டியூபுக்குப் பேட்ச் வைத்துக்கொண்டிருந்தபோது நானே ஒரு கதை கட்டினேன்.

அண்ணன் தம்பி இரண்டு சிப்பாய்கள். தம்பி ஆத்திரத்தில் அண்ணனை அந்த ஓட்டைக்குள் தள்ளுகிறான். அண்ணன் விழாமல் விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறான். தம்பி கத்தியை எடுத்து ஒவ்வொரு விரலாக வெட்டுகிறான், சுண்டு விரலில் ஆரம்பித்து. பத்து விரலும் போன பிறகுதான் அண்ணன் உள்ளே விழுகிறான். சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒருத்தன் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை, முழுக்க முழுக்க என் சரக்கு. ஆனால் ஜனங்கள் முகம் வெளிறிப் போவதைப் பார்க்க வேண்டுமே! நாலு வருஷம் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அதைச் சொன்னேன். ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனேன்.

அன்றைக்குச் சித்திரை வெயில். பண்ருட்டியிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள், ரங்கநாதன், சம்பத் என்று பெயர். ரங்கநாதனுக்கு அடுத்த வாரம் கல்யாணம். செஞ்சியில் சொந்தக்காரர்களுக்குப் பத்திரிகை வைத்துவிட்டு, சாயங்கால பஸ் வரைக்கும் கோட்டையைப் பார்க்கலாம் என்று சைக்கிள் கேட்டார்கள். சம்பத் அண்ணன் மேல் அப்படி ஒரு பாசமாக இருந்தான். மாப்பிள்ளை கறுத்துவிடக் கூடாது என்று அண்ணன் தலையில் ஈரத் துண்டைப் போட்டுவிட்டு, தான் மொட்டை வெயிலில் வந்தான். எனக்கு அவர்களைப் பிடித்துப்போய்க் கூடவே போனேன்.

உச்சி நேரம், கோட்டையில் எங்களைத் தவிர ஒரு குஞ்சு இல்லை. மூன்று பேரும் அந்தப் பாறை மேல் ஏறினோம். அண்ணன் தம்பியாக வந்திருக்கிறார்கள், அதிலும் கல்யாண மாப்பிள்ளை, இவர்களிடம் போய் அந்தக் கதையைச் சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டேன். "கைதிங்கள இதுல தள்ளுவாங்க தம்பி" என்பதோடு சரி. ரங்கநாதன் குனிந்து உள்ளே பார்த்தான்.

"அண்ணன் விழல பாய். விளிம்பப் புட்சிக்கினு தொங்குனான்" என்றான் சம்பத்.

எனக்குச் சுருக்கென்றது. "யார் சொன்னது உனக்கு?" என்றேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை.

"சுண்டு வெரல்ல ஆரம்பிச்சான். கட்ட வெரலு மட்டும் வெட்டு வுழல. கல்லால நசுக்குனான்."

கட்டை விரல் விஷயம் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்குக் காலையில் ஹேண்டில்பார் துடைக்கும்போதுதான் மனசுக்குள் புதிதாகச் சேர்த்து வைத்திருந்தேன். இதை நம்பினால் நம்புங்கள். நான் வாய் திறப்பதற்குள் சம்பத் இரண்டு கையாலும் அண்ணன் முதுகில் ஓங்கித் தள்ளினான்.

ரங்கநாதன் அலறிக்கொண்டே விழுந்தவன், எப்படியோ விளிம்பைப் பிடித்துத் தொங்கினான். "டேய் சம்பத்து, கைய குட்றா! டேய்!" சம்பத் கை கொடுக்கவில்லை. விளிம்பில் இடிந்த பழைய கட்டிலிருந்து பெயர்ந்து கிடந்த செங்கல்லை எடுத்து அண்ணன் இடது கையில் போட்டான். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. கோபமே இல்லாமல், ஆணி அடிக்கிறவன் மாதிரி நிதானமாக அடித்தான். ரத்தம் என் கைலியில் தெறித்தது. நான் பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்து இழுத்தேன், காதைக் கடித்தேன், வயிற்றில் உதைத்தேன். அவன் ஒரு தடவை கையை வீசியதில் என் முன்பல் இரண்டு போயிற்று. வாயெல்லாம் ரத்தம். திரும்பவும் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு அண்ணனின் வலது கைக்குப் போனான். மாப்பிள்ளை கதை முடிந்தது என்றே நினைத்தேன். இடுப்பு பெல்ட்டில் செருகியிருந்த ஸ்பானரை உருவி அவன் பின்னந்தலையில் போட்டேன். அப்படியே குப்புற விழுந்தான். கொன்றுவிட்டேனோ என்று பார்க்கக்கூட நேரமில்லை.

விளிம்பில் ரத்தம்தான் இருந்தது, கைகள் இல்லை. யா அல்லா என்று எட்டிப் பார்த்தேன். ரங்கநாதன் விழவில்லை. நசுங்கிய கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல், ஒரு முழம் கீழே நேராக நின்றான். அந்த ஓட்டையின் உள்சுவரில் கால் வைக்க ஒரு பிடிமானமும் கிடையாது, எனக்குத் தெரியாத இடமா? படுத்துக்கொண்டு அவன் அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். நான் இழுக்கவே தேவையில்லாததுபோல் மேலே வந்தான்.

சம்பத்துக்கு முழிப்பு வந்தது. அண்ணன் கையைப் பார்த்துவிட்டு "அண்ணே, கைக்கு இன்னா ஆச்சி? யார்ணே பண்ணது?" என்று தலையில் அடித்துக்கொண்டு கதறினான். அவனுக்கு ஒன்றுமே ஞாபகமில்லை. ரங்கநாதன் என்னைப் பார்த்தான். "கல்லு சரிஞ்சிடுச்சிடா, ஒண்ணுமில்ல, அழுவாத" என்றான். ஆஸ்பத்திரியிலும் அதையேதான் சொன்னான்.

குதிரை வண்டியில் ஏற்றும்போது அவன் காலைப் பார்த்தேன். இரண்டு உள்ளங்காலிலும் ஈரச் சேறு. பொட்டுத் தண்ணீர் இல்லாத சித்திரையில் சேறு. அந்தச் சேற்றில் உள்ளங்கை பதிந்த அடையாளம், வட்டமாக, விரல்கள் இல்லாமல். துண்டால் துடைத்து விட்டேன்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. நான் பண்ருட்டிக்குப் போயிருந்தேன். இடது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டிருந்தார்கள், கட்டுப்போட்ட கையோடு மாப்பிள்ளை ஒரு முடிச்சு போட, மற்றதை அவன் அக்கா போட்டாள். சம்பத் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். சாப்பிட்டு முடித்ததும் ரங்கநாதன் என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனியாக அழைத்துப் போனான்.

"பாய், அன்னிக்கு கீழ ஒர்த்தன் என் கால ரெண்டு கையாலயும் தாங்கிக்கினான்."

"தெரியும்" என்றேன்.

"அவன் ஒண்ணு சொன்னான் பாய். அழுதுக்கினே சொன்னான். எதுக்குச் சொன்னான்னு எனக்குப் புரியல, உங்களுக்குப் புரியுதா பாருங்க. 'போதும் பாய்'னான்."

அதற்கப்புறம் அந்தக் கதையை நான் யாரிடமும் சொன்னதில்லை, இன்றைக்கு உங்களிடம்தான். நாலு வருஷத்தில் எத்தனை தடவை அவன் விரல்களை வெட்டியிருப்பேன், எனக்கே தெரியாது. கடை இன்னும் நடக்கிறது. டயருக்குக் காற்றடிக்கும்போது, நிறைந்ததும் வாடிக்கைக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்வார்கள் இல்லையா? தினம் இருபது பேராவது சொல்கிறார்கள், "போதும் பாய்" என்று. ஒவ்வொரு தடவையும் திரும்பி, சொன்னவனின் கையைத்தான் முதலில் பார்க்கிறேன்.