வெள்ளிக்கிழமைக்கு ஆகாத படம்

மருதனார்மடச் சந்தியில் வீடியோ கொப்பி வாடகைக்குக் கொடுத்தவர் நெற்றி நிறையத் திருநீறும் காதில் பூவுமாக இருப்பார். இரத்தம் தெறிக்கும் படங்களை, மீன் காய்ச்சும் சட்டியைப்போலத் தனித் தட்டில் வைத்திருப்பார். மனிதரை மனிதர் தின்பதைக் கமரா ஆட ஆட, நிசம்போல எடுத்த படமொன்று இருந்தது. பல நாடுகள் தடை செய்த படம். ஒரு வெள்ளிக்கிழமை அதைக் கேட்டேன்.

“தம்பி, உது மச்சம், மீன் இறைச்சி மாதிரி. வெள்ளிக்கிழமை தரமாட்டன்.”

“அண்ணை, பார்க்கத்தானே போறன், தின்னவே போறன்?”

“வெள்ளிக்கிழமை மீன் வெட்டுறதைப் பார்த்துக்கொண்டு இருப்பியோ? இந்தா, பேய்ப்படம். கழுத்தை மட்டும்தான் நெரிக்கும். சுத்த சைவம்.”

ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிப் பார்த்தேன். யார் யாரைத் தின்றார்கள் என்பது மறந்துவிட்டது. ஆனால் இன்றும் வெள்ளிக்கிழமைகளில் தொலைக்காட்சியில் யாராவது மீன் வெட்டினால், என் கை தானாகவே சானலை மாற்றிவிடுகிறது.