வெள்ளிக்கிழமைச் சூரை

வெள்ளி காலை ஏழு மணிக்கு வல்வெட்டித்துறைக் கரையில் படகுகள் வந்து சேர்ந்திருந்தன. முதல் நாள் ஒரு கலியாணத்துக்காக ஹற்றனிலிருந்து வந்திருந்த நான், அடுத்ததாகச் சண்டிலிப்பாயில் தோழி ஜெபமலர் வீட்டுக்குப் போக இருந்தேன். வெறுங்கையோடு போக மனமில்லை. மூன்று கிலோ சூரை ஒன்றை வாங்கினேன். கிலோ ஆயிரத்து இருநூறு ரூபா.

“இது இரத்தம் கூடின மீன். இண்டைக்கே காய்ச்சுங்கோ, வைச்சால் உடம்பு கடிச்சுத் தடிக்கும்,” என்று ஐஸ் போட்டுக் கட்டித் தந்தார் விற்றவர்.

யாழ்ப்பாண நகரத்துக்குப் பஸ்ஸில் முப்பது கிலோமீற்றர். பாதி வழியில் ஐஸ் உருகி, பையிலிருந்து சிவப்பாய் ஒரு கோடு கிளம்பியது. எதிரே கோயிலுக்குப் பூக் கொண்டுபோன பெண் கால்களைத் தூக்கி இருக்கைமேல் வைத்துக்கொண்டு, நகரம் வரை அப்படியே வந்தார்.

“அக்கா, மீனுக்கும் ரிக்கற் எடுப்பமோ?” என்றார் நடத்துனர்.

மானிப்பாய் வழியாக இன்னொரு பஸ். பத்தரைக்குச் சண்டிலிப்பாய். பையைத் திறந்த மலர் திடுக்கிட்டாள்.

“ஐயோ, இண்டைக்கு வெள்ளியெல்லோ! வெள்ளியிலை வளவுக்குள்ளை மீன் மச்சம் காய்ச்சக் கூடாதெண்டு சொல்லித்தான் பூமணி அக்கா வீடு தந்தவ.”

மலர் வீட்டார் மெதடிஸ்த சபையினர். வேலிக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்காரி பூமணி அக்கா வெள்ளி விரதம் தவறாத சைவர். பிரிட்ஜோ பழுது. மீனை எறிய இருவருக்கும் மனம் வரவில்லை. அக்கா மத்தியானப் பூசைக்குப் போய் ஒரு மணிக்குத்தான் திரும்புவார். அதற்குள் காய்ச்சிவிடலாம் என்றாள் மலர்.

அக்கா படலையைத் தாண்டியதும் சமையலில் இறங்கினோம். கறுத்த இரத்தச் சதையை வெட்டி நீக்கி, உப்பும் தேசிக்காய்ச் சாறும் போட்டுப் பிசைந்து, தண்ணீர் தெளியும் வரை கழுவினோம். வெங்காயமும் வெந்தயமும் தாளித்து, கறித்தூள், பழப்புளி, தேங்காய்ப்பால் விட்டோம். கொதி வந்ததும் மணம் வேலியைத் தாண்டியது. மலர் பதறிப்போய், நுளம்பு விரட்ட வைத்திருந்த சாம்பிராணியைக் கொளுத்தினாள். இப்போது கோயிலுக்குள் யாரோ மீன் சமைப்பது போல் வளவே மணத்தது.

பன்னிரண்டே காலுக்கு வேலிக்கு மேலால் ஒரு திருநீற்று நெற்றி எழுந்தது.

“பிள்ளை மலர், மீனுக்குச் சாம்பிராணி காட்டுறது உங்கடை வேதத்திலை இருக்கோ?”

மலருக்கு அழுகை வந்துவிட்டது. நான் முந்திக்கொண்டேன். “தப்பு என்னோடதுங்க. நான்தான் வாங்கிட்டு வந்தேன்.”

பூமணி அக்கா கண்ணை மூடி, மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.

“பழப்புளி காணாது. மணத்திலையே தெரியுது. இன்னும் கொஞ்சம் கரைச்சு விடு. விடியச் சூடாக்கி வை, பாணோடை வாறன்.”

“அப்ப வீடு, அக்கா?” என்றாள் மலர்.

“அதை நாளைக்குக் கதைப்பம். குழம்பைப் பொறுத்திருக்கு.”

அன்றிரவு மலர் சரியாகத் தூங்கவில்லை. இரண்டு தடவை எழுந்து புளியைச் சுவைத்துப் பார்த்தாள்.

சனிக்கிழமை நாங்கள் பல் விளக்குமுன்னரே அக்கா பேக்கரியில் வாங்கிய இரண்டு இறாத்தல் பாணோடு வந்துவிட்டார். நேரே சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். கடைசித் துண்டுப் பாணால் சட்டியைத் துடைத்து முடித்த பிறகுதான் மலரை நிமிர்ந்து பார்த்தார்.

“வீட்டுக் கதையை விடு. முதல் உந்தப் பிரிட்ஜைத் திருத்து.”

பிற்பகல் கண்டி பஸ் ஏறினேன். கையைச் சவர்க்காரத்தாலும் தேசிக்காயாலும் தேய்த்திருந்தும், பக்கத்தில் வந்தமர்ந்த ஐயா மூக்கைச் சுளித்துக்கொண்டு முன்னால் மாறிப் போனார். வவுனியா வரை இரண்டு இருக்கையிலும் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தேன்.